அச்சடித்தவருக்குச் சிறை, நிரல் எழுதியவருக்கு?

ஆள் சேர்த்துப் பணம் புரட்டும் திட்டங்களைத் தடைசெய்து நாடாளுமன்றம் 1978-இல் ஒரு சட்டம் இயற்றியது. பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் (தடை) சட்டம் என்பது அதன் பெயர். திட்டத்தை நடத்துபவருக்கு மூன்றாண்டுகள் வரை சிறை என்று சொல்லும் நான்காவது பிரிவைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அடுத்த பிரிவை அதிகம் பேர் கவனிப்பதில்லை. அப்படியொரு திட்டத்துக்காகச் சீட்டையோ கூப்பனையோ வேறு ஆவணத்தையோ அச்சடிப்பவர், அதை விற்பவர், விளம்பரம் செய்பவர், தெரிந்தே இடம் கொடுப்பவர் ஆகியோருக்கும் இரண்டாண்டுகள் வரை சிறை என்கிறது ஐந்தாவது பிரிவு. நடத்தியவரை மட்டும் பிடித்தால் போதாது, அவருக்குக் கருவி செய்து கொடுத்தவரும் பதில் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

இன்று அந்தச் சீட்டை யாரும் அச்சடிப்பதில்லை. ஐடி போடுவது, இடது வலது கணக்கு, ஜோடி சேர்ந்ததற்கான கமிஷன், வாராந்திர பேஅவுட் எல்லாமே மென்பொருளுக்குள் போய்விட்டன. சில ஆண்டுகளாக அந்த மென்பொருள் கிரிப்டோ நாணயத்தோடும் ஸ்மார்ட் கான்ட்ராக்டோடும் சேர்த்தே விற்கப்படுகிறது. சென்னையிலும் மதுரையிலும் கோழிக்கோட்டிலும் எம்எல்எம் (நெட்வொர்க் மார்க்கெட்டிங்) மென்பொருள் எழுதுவதைத் தொழிலாகவே செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. சோப்பும் சத்துமாவும் விற்கும் முறையான நேரடி விற்பனை நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுப்பவர்கள் அவர்களில் உண்டு. விற்கப் பொருளே இல்லாத திட்டத்துக்கும் கேட்டபடி எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

இதை நான் நெமிலிச்சேரியில் இருந்துகொண்டு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் வரும் சிறிய ரயில் நிலையம் இது. வண்டலூரில் தொடங்கும் வெளிவட்டச் சாலையின் முதல் கட்டம் இங்கே வந்துதான் முடிந்தது. இரண்டாம் கட்டம் இங்கிருந்து மீஞ்சூருக்குப் போகிறது. ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலும் படை உடைத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்டு போகிறவர்கள், மனை வாங்கி வீடு கட்டித் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள் வாழும் பகுதி. பணிக்கொடையும் பி.எஃப். பணமும் மொத்தமாகக் கைக்கு வரும் வீடுகள் இந்தப் பக்கம் அதிகம். எந்த வீட்டுக்கு எந்த மாதம் அந்தப் பணம் வருகிறது என்பது ஆள் சேர்ப்பவருக்குத் தெரியும். ஏனென்றால் அவர் பெரும்பாலும் உடன் வேலை பார்த்தவர், அல்லது சொந்தக்காரர்.

அதே வீடுகளின் பிள்ளைகள்தான் பொறியியல் படித்துவிட்டு மென்பொருள் வேலைக்குப் போகிறார்கள். அம்பத்தூரில் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் வந்து வெகுகாலம் ஆகிறது. பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 தளங்களுடன் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பெரிய நிறுவனத்தில் இடம் கிடைக்காத பிள்ளை, அனுபவச் சான்றிதழ் கிடைத்தால் போதும் என்று சின்ன நிறுவனத்தில் சேருகிறது. அங்கே எந்த வேலை கொடுக்கிறார்களோ அதை எழுதுகிறது. நிரலை எழுதுபவரும் அதில் பணம் போடுபவரும் ஒரே திருவள்ளூர் லோக்கலில் போய் வருகிறார்கள் என்பதை மறந்துவிட்டு இந்த விஷயத்தைப் பேச முடியாது.

ஆள் சேர்க்கும் பேச்சு இப்போது மாறியிருக்கிறது. “அண்ணே, இதுல கம்பெனியே கிடையாது. ஓனர் ஓடிட்டான்னு யாரும் சொல்ல முடியாது. எல்லாம் கான்ட்ராக்ட்ல எழுதி பூட்டியாச்சு, ஒருத்தரும் மாத்த முடியாது. உங்களுக்குக் கீழ ஒரு ஐடி விழுந்தா அந்த நிமிஷமே உங்க வாலட்டுக்கு யுஎஸ்டிடி வந்துடும்.” இந்தப் பேச்சு எடுபடுவதற்கு நம்முடைய அண்மைக்கால வரலாறே காரணம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆருத்ரா கோல்டு நிறுவனத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் 2,438 கோடி ரூபாய் போட்டிருந்ததாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொன்னது. 2022-இல் அது வெளியே வந்தபோது அதன் அமைந்தகரை அலுவலகத்தின் பெயர் தெரியாத வீடு இந்தப் பக்கத்தில் இல்லை. அதிலிருந்து மக்கள் எடுத்துக்கொண்ட பாடம், ‘ஓனரை நம்பக்கூடாது’ என்பது. அது சரியான பாடம்தான், ஆனால் பாதிப் பாடம். மாதம் நூற்றுக்கு முப்பது வட்டி என்றால் அது எங்கிருந்து வரும் என்ற மீதிப் பாடத்தை நாம் படிக்கவில்லை. அந்தப் பாதிப் பாடத்தைப் பிடித்துக்கொண்டுதான் ‘ஓனரே இல்லாத திட்டம்’ உள்ளே வருகிறது.

ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்ற கருத்தை 1990-களில் முன்வைத்தவர் நிக் சாபோ என்ற கணினி அறிஞர். காசு போட்டால் பானம் தரும் தானியங்கி இயந்திரத்தை அவர் உதாரணமாகச் சொன்னார். நிபந்தனை நிறைவேறினால் இயந்திரம் பொருளைத் தந்தே தீரும். நடுவில் கடைக்காரர் தேவையில்லை. 2015-இல் தொடங்கிய எத்தீரியம் பிளாக்செயின் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பலருடைய கணினிகளில் ஒரே நேரத்தில் இருக்கும் பொதுப் பேரேட்டில் ஒரு நிரலைப் பதிந்துவிட்டால், எழுதியபடியே அது இயங்கும். நடந்த ஒவ்வொரு பரிமாற்றமும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி பதிவாகும். தொழில்நுட்பமாக இது பெரிய சாதனை. அதை நான் குறைத்துப் பேசவில்லை.

நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் இதற்கு நியாயமான வேலை ஒன்றும் இருக்கிறது. நேர்மையாகப் பொருள் விற்ற முகவர்களுக்கே கமிஷன் சரியாக வந்து சேராத கதைகள் ஏராளம். திட்டத்தை நடுவில் மாற்றுவார்கள்; ‘ரேங்க்’ தகுதியை ஏற்றுவார்கள்; சர்வர் பிரச்சினை என்று மூன்று வாரம் இழுப்பார்கள். பொருள் விற்று, பணம் வந்தவுடன் விற்றவருக்கான பங்கைத் தானாகப் பிரித்துக் கொடுக்கும் நிரல் இருந்தால் அது முகவருக்கு நல்லதே. ஆனால் அதற்குக் கிரிப்டோ நாணயம் எதற்கு? யுபிஐ வழியாக நொடியில் ரூபாய் போய்ச் சேரும் நாட்டில் வாழ்கிறோம். ரிசர்வ் வங்கியே 2022 டிசம்பரில் பொதுமக்களுக்கான டிஜிட்டல் ரூபாயைச் சோதனை முறையில் தொடங்கி, நிபந்தனையோடு பணம் அனுப்பும் வசதியையும் அதில் முயன்று பார்க்கிறது. இவ்வளவு இருந்தும் ஒருவர் டிரான், பிஎன்பி, யுஎஸ்டிடி போன்ற கிரிப்டோ நாணயங்களைக் கேட்கிறார் என்றால், அவர் வேகத்துக்காகக் கேட்கவில்லை. வங்கியின் கண்ணில் படாத வழியைக் கேட்கிறார்.

நிரல் மட்டும் இருந்து ஓனர் இல்லாவிட்டால் எல்லாம் நேர்மையாக நடக்கும் என்ற நம்பிக்கைக்கு உலகம் ஏற்கெனவே ஒரு பெரிய பரிசோதனை நடத்திப் பார்த்துவிட்டது. அதன் பெயர் ஃபோர்சேஜ். 2020 ஜனவரியில் தொடங்கியது. ரஷ்யர்கள் நால்வர் அதன் நிறுவனர்கள் என்று அமெரிக்க அரசு சொல்கிறது. விற்கப் பொருள் எதுவும் இல்லை. எத்தீரியம் கான்ட்ராக்டில், அதன் நாணயமான ஈத்தரில் 0.025 கொடுத்து ஒரு ‘ஸ்லாட்’ வாங்க வேண்டும். பிறகு ஆள் சேர்க்க வேண்டும். எத்தீரியத்தில் கட்டணம் ஏறியதும் டிரான், பைனான்ஸ் ஆகிய வேறு பிளாக்செயின் சங்கிலிகளுக்கும் கிளை விரித்தார்கள். பிலிப்பைன்ஸ் பங்குச் சந்தை ஆணையம் 2020 செப்டம்பரில் தடை விதித்தது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் 2021 மார்ச்சில் தடுத்தது. திட்டம் நிற்கவில்லை. 2022 ஆகஸ்டில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 11 பேர் மீது வழக்குத் தொடர்ந்தது. 2023 பிப்ரவரியில் நான்கு நிறுவனர்கள் மீதும் குற்றப்பத்திரிகை வந்தது. மோசடியின் மதிப்பு 34 கோடி டாலர்.

அந்தக் குற்றப்பத்திரிகையில் இருக்கும் மூன்று விவரங்களை எம்எல்எம் கூட்டத்துக்குப் போகும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்லாட் வாங்க ஒருவர் பணம் போட்ட கணமே நிரல் அதை முன்னால் வந்தவர்களுக்குத் திருப்பி அனுப்பியது. அதாவது, நிரல் சொன்னபடிதான் நடந்தது, யாரும் நடுவில் ஏமாற்றத் தேவைப்படவில்லை. அடுத்தது, எத்தீரியம் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் போட்டதைவிடக் குறைவாகவே திரும்பப் பெற்றார்கள். 50 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு முறைகூடப் பணம் வரவில்லை. மூன்றாவது, ‘எக்ஸ்கோல்டு’ என்ற கான்ட்ராக்டில் நிறுவனர்களின் கணக்குக்குப் பணம் ஒழுகும்படி ஒரு வழி எழுதி வைக்கப்பட்டிருந்தது. எல்லோரும் படிக்கும்படி திறந்திருந்த நிரலுக்குள்ளேயே அந்த ஒழுக்கு இருந்தது.

ஐம்பது விழுக்காடு என்ற அந்த எண்ணிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். அது யாரும் திட்டமிட்டுச் செய்த சதியால் வந்ததல்ல, கணக்கே அப்படி. ஒருவருக்குக் கீழே இருவர், அந்த இருவருக்குக் கீழே நால்வர் என்று போகும் பைனரி மரத்தை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். முழுதாக நிறைந்த மரத்தில், எந்த வரிசையில் நிறுத்தினாலும், கடைசி வரிசையில் இருப்பவர்களின் எண்ணிக்கை மேலே இருக்கும் அத்தனை பேரையும் கூட்டினால் வருவதைவிட ஒன்று அதிகம். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. எனவே ஆள் சேர்ந்தால் மட்டுமே பணம் வரும் திட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எப்போதும் எதுவும் வராது. ஒருவருக்குக் கீழே மூவர் என்று மாற்றினால் நிலைமை இன்னும் மோசம். கடைசி வரிசையில் மூன்றில் இரண்டு பங்கு நிற்கும். திட்டம் தொடர்ந்து வளர்ந்துகொண்டே போனால் சரியாகிவிடும் என்பார்கள். பைனரி மரத்தின் 27-ஆவது வரிசைக்கு மட்டும் 6 கோடியே 71 லட்சம் பேர் தேவை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7 கோடியே 21 லட்சம். ஓனர் நல்லவரா, நிரல் பூட்டியதா, நாணயம் பிட்காயினா என்பதற்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை.

இங்கே நம்முடைய ஏலச் சீட்டை நினைத்துக்கொள்வது உதவும், ஏனென்றால் ‘இதுவும் சீட்டு மாதிரிதான்’ என்று சொல்லி ஆள் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இருபது பேர் சேர்ந்த சீட்டில் இருபது பேருக்கும் ஒரு முறை பணம் வரும். இருபத்தோராவது ஆள் தேவையில்லை. அவசரம் இருப்பவர் தள்ளிக் கேட்டு முன்னால் எடுக்கிறார். அந்தத் தள்ளுபடி மற்றவர்களுக்குக் கழிவாகப் போகிறது. வட்டம் மூடியது. பதிவு செய்த சீட்டுக்கு 1982-ஆம் ஆண்டின் சிட்ஃபண்டு சட்டமும் காவல் இருக்கிறது. நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் அந்த ஏற்பாட்டின் நம்பிக்கையைக் கடன் வாங்கி, மூடாத வட்டத்துக்கு ஆள் பிடிப்பது பெரிய அநியாயம். ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதும் இளைஞர்கள் யாராவது ஒரு நேர்மையான ஏலச் சீட்டை நிரலாக எழுதிக் காட்டினால் நான் வரவேற்பேன். அந்தத் தொழில்நுட்பத்துக்கு அது பொருத்தமான வேலை.

‘நிரல் திறந்திருக்கிறது, நீங்களே படித்துப் பார்க்கலாம்’ என்ற வாதத்துக்கு வருவோம். சாலிடிட்டி மொழியில் எழுதிய நிரலைப் படிக்க முடிந்தவர் நம் தெருவில் எத்தனை பேர்? படிக்கத் தெரிந்தவருக்கும் அது முழுப் பாதுகாப்பு இல்லை. பல கான்ட்ராக்டுகளில் ‘உரிமையாளர் மட்டும்’ இயக்கக்கூடிய கட்டளைகள் இருக்கும். பணத்தை வெளியே எடுக்கவும் விதியை மாற்றவும் ஒரே ஒரு சாவி போதும். சிலவற்றில் முகப்பு ஒன்றாக இருக்கும், உள்ளே இயங்கும் நிரலை வேறொன்றாக மாற்றி வைக்கலாம். பூட்டியாச்சு என்ற பேச்சு அங்கேயே பொய். வாலட்டை இணைக்கும்போது ‘அப்ரூவ்’ என்று ஒரு பொத்தான் வரும். அதில் வரம்பில்லாத அனுமதி கொடுத்துவிட்டால், போட்ட பணத்தோடு நிற்காது. அந்த நாணயத்தில் வாலட்டில் இருக்கும் மீதியையும், பிறகு வருவதையும் சேர்த்தே அந்தக் கான்ட்ராக்ட் எடுத்துக்கொள்ளலாம். உண்மையிலேயே பூட்டிய நிரலில் பிழை இருந்தாலோ, திருத்தவும் வழியில்லை. 2016 ஜூனில் எத்தீரியத்தின் ‘தி டிஏஓ’ என்ற பெரிய கான்ட்ராக்டில் இருந்த ஓட்டை வழியாக 36 லட்சம் ஈத்தர் வெளியேறியது. அதைச் சரிசெய்ய முழுச் சங்கிலியையே இரண்டாகப் பிரிக்க வேண்டி வந்தது. நெமிலிச்சேரிக்காரரின் ஐம்பதாயிரத்துக்காக யாரும் சங்கிலியைப் பிரிக்க மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை, திட்டத்தை நடத்துபவர்களே நாணயத்தையும் உருவாக்குவது. இந்தியாவில் இது பழகிய வழி. அமித் பரத்வாஜ் 2015-இல் தொடங்கிய கெய்ன்பிட்காயின் திட்டம், மாதம் 10 விழுக்காடு வீதம் 18 மாதங்களுக்குப் பிட்காயினாகவே தருகிறோம் என்றது. கீழே ஆள் சேர்த்தவர்களுக்குக் கமிஷனும் உண்டு. புதுப் பணம் வறண்டதும், பிட்காயினுக்குப் பதில் ‘எம்கேப்’ என்ற சொந்த நாணயத்தைக் கையில் திணித்தார்கள். அதன் மதிப்பு சொற்பம். பல மாநில வழக்குகளை 2023 இறுதியில் உச்ச நீதிமன்றம் சிபிஐயிடம் ஒப்படைத்தது. 2025 பிப்ரவரியில் நாடு முழுவதும் 60 இடங்களில் சோதனை நடந்தது. பரத்வாஜ் 2022-லேயே இறந்துவிட்டார்.

இமாசலப் பிரதேசத்தில் கோர்வியோ காயின் என்று ஒன்று. 2018-இல் தொடங்கியது. இணையதளத்தில் நாணயத்தின் விலையை நடத்துபவர்களே ஏற்றி இறக்கினார்கள் என்று சிறப்புப் புலனாய்வுக் குழு சொன்னது. சுமார் ஒரு லட்சம் பேர் சிக்கினார்கள். அவர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் காவல் துறையினர். காக்கிச் சட்டை போட்டவர்களே கீழே ஆள் சேர்த்தார்கள் என்றால், ஓய்வு பெற்ற டாங்கித் தொழிற்சாலை ஊழியரை நாம் எப்படிக் குறை சொல்வது? ஒன்காயின் என்ற நாணயத்தின் கதை இன்னும் விபரீதம். 400 கோடி டாலர் சுருட்டிய அந்தத் திட்டத்துக்குப் பின்னால் உண்மையான பிளாக்செயினே இல்லை. வெறும் தரவுத்தளத்தில் எண்களை ஏற்றிக் காட்டினார்கள். 2017 ஏப்ரலில் நவி மும்பையில் அதன் கூட்டத்துக்குள் காவல் துறை புகுந்து பலரைக் கைது செய்தது. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடமும் பிளாக்செயின் என்ற சொல்லைச் சொல்லித்தான் பணம் வாங்கியிருந்தார்கள்.

சட்டத்தில் இடைவெளி இருக்கிறது, கிரிப்டோவுக்குச் சட்டமே இல்லை என்று சிலர் தைரியமாகச் சொல்கிறார்கள். அப்படி இல்லை. 1978 சட்டத்தின் இரண்டாவது பிரிவு, பணச் சுழற்சித் திட்டத்தை வரையறுக்கும்போது ‘எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும்’ என்கிறது. வாங்குவது ‘பணமோ மதிப்புள்ள பொருளோ’ என்கிறது. உறுப்பினர் சேர்க்கையைப் பொறுத்துப் பணம் தருவதாக வாக்குறுதி இருந்தால் போதும் என்கிறது. யுஎஸ்டிடி மதிப்புள்ள பொருள் இல்லையென்று எந்த வழக்கறிஞரும் வாதிட முடியாது. கிரிப்டோ நாணயம் சொத்து என்றே 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். வருமான வரித் துறை 2022 ஏப்ரல் முதல் அதில் வரும் லாபத்துக்கு 30 விழுக்காடு வரி போடுகிறது. அந்த ஆண்டு ஜூலை முதல் கைமாறும்போது ஒரு விழுக்காடு பிடித்தமும் உண்டு. 2023 மார்ச்சில் கிரிப்டோ பரிமாற்ற நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன. வரி வாங்கும்போது கண்ணுக்குத் தெரிகிற பொருள், ஏமாந்தவர் புகார் கொடுக்க வரும்போது மட்டும் மாயமாகிவிடக் கூடாது.

2021 டிசம்பர் 28-இல் அறிவிக்கப்பட்ட நேரடி விற்பனை விதிகள் இன்னும் தெளிவு. பிரமிடு திட்டத்துக்கும் நேரடி விற்பனை என்ற போர்வையில் நடக்கும் பணச் சுழற்சிக்கும் தடை. நிறுவனத்துக்கு இந்தியாவில் குறைந்தது ஒரு பதிவு அலுவலகமாவது, கதவைத் தட்டிக் கேட்கும்படி, இருக்க வேண்டும். ஒவ்வொரு மாநில அரசும் இவற்றைக் கண்காணிக்க ஓர் அமைப்பை ஏற்படுத்த வேண்டும். ‘கம்பெனியே கிடையாது’ என்று பெருமையாகச் சொல்லும்போதே அந்தத் திட்டம் இந்த விதிகளை மீறிவிடுகிறது. கல்யாண மண்டபத்தில் மேடை போட்டு அதைச் சொல்பவரைக் கேள்வி கேட்க வேறு ஆதாரம் தேவையில்லை.

ஆனாலும் கேள்வி வருவதில்லை. திட்டம் உடைந்து, புகார் குவிந்த பிறகே இங்கே வழக்கு தொடங்குகிறது. கோவையில் விளம்பரம் பார்த்தால் பணம் என்று சொன்ன மைவி3 ஆட்ஸ் மீது 2024 ஜனவரியில் காவல் துறை வழக்குப் பதிந்தபோது நடந்தது நினைவிருக்கும். ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் நீலாம்பூர் பக்கம் திரண்டு நிறுவனத்துக்கு ஆதரவாக நின்றார்கள். பணம் வந்துகொண்டிருக்கும் வரை யாரும் புகார் தர மாட்டார்கள்; புகார் இல்லாமல் எப்படி நடவடிக்கை எடுப்பது என்று காவல் துறை கேட்கும். பழைய வகைத் திட்டங்களில் இந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. கணக்குப் புத்தகம் ஓனரின் பீரோவில் இருந்தது. சோதனை போட்டால்தான் கிடைக்கும்.

ஸ்மார்ட் கான்ட்ராக்டில் அந்தச் சாக்கு செல்லாது. புத்தகம் முதல் நாளிலிருந்தே திறந்து கிடக்கிறது. எத்தனை வாலட்டுகள் பணம் போட்டன, எத்தனைக்குத் திரும்பி வந்தது, மேலே இருக்கும் பத்து வாலட்டுகள் எவ்வளவு எடுத்தன என்று வெளியிலிருந்தே எண்ணிவிடலாம். ஃபோர்சேஜில் எண்பது விழுக்காடு நட்டம் என்று அமெரிக்க அரசு சொன்னதும் அந்தப் பேரேட்டைப் படித்துத்தான். நம் பொருளாதாரக் குற்றப்பிரிவிலும் ஆவடி காவல் ஆணையரகத்திலும் இதைப் படிக்கத் தெரிந்த இரண்டு மூன்று பேர் உட்கார்ந்தால், வாட்ஸ்அப்பில் சுற்றும் கான்ட்ராக்ட் முகவரியை எடுத்து, உடைவதற்கு ஆறு மாதம் முன்பே சொல்லிவிடலாம். நடத்துபவர் துபாயில் இருந்தாலும் மண்டபத்தில் மேடையேறுபவர் இங்கேதான் இருக்கிறார். தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. சிறப்பு நீதிமன்றங்கள் இருக்கின்றன. சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, பங்கு பிரித்துக் கொடுக்க அந்தச் சட்டம் வழி சொல்கிறது. கிரிப்டோ வாலட்டில் போன பணத்துக்கு முடக்க என்ன மிஞ்சும்? அதனால்தான் இங்கே முன்கூட்டிப் படிப்பது மற்ற மோசடிகளைவிடப் பல மடங்கு முக்கியம்.

பணம் போனவரின் நிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வங்கி வழியாகப் போன பணம் என்றால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழைத்தால் நடுவில் எங்காவது தடுத்து நிறுத்த வாய்ப்பிருக்கிறது. தனிவாலட்டிலிருந்து இன்னொரு வாலட்டுக்குப் போன யுஎஸ்டிடியை அப்படி இழுத்துப் பிடிப்பது மிகக் கடினம். கமிஷனாக வந்த நாணயத்தை முன்பின் தெரியாதவரிடம் விற்று ரூபாயாக்கியவர்களின் வங்கிக் கணக்கு முடங்குவதும் நடக்கிறது. ரூபாய் அனுப்பிய அந்த முகம் தெரியாத ஆள் எங்கோ சைபர் மோசடியில் எடுத்த பணத்தை அனுப்பியிருப்பார். பென்ஷன் வரும் கணக்கு முடங்கினால் அந்த வீட்டில் அடுத்த மாத மருந்துக்கு என்ன செய்வார்கள்? இதற்கெல்லாம் மேலே, தங்கையையும் சம்பந்தியையும் தனக்குக் கீழே ஐடி போட வைத்தவர் இருக்கிறார். அவர் போட்டது போனதோடு, கல்யாணம் காட்சிக்குப் போகும் முகத்தையும் இழக்கிறார். தானும் ஏமாந்தவர் என்பதை அவர் வெளியே சொல்லவே முடியாது. புகார்கள் வராததற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது நிரல் எழுதியவரிடம் வருகிறேன். அமெரிக்க அரசு ஃபோர்சேஜைப் பிரமிடு மோசடி என்று குற்றம்சாட்டிய பிறகும், ‘ஃபோர்சேஜ் குளோன் ஸ்கிரிப்ட்’ என்று அதே பெயரைப் போட்டு விளம்பரம் செய்யும் மென்பொருள் விற்பனையாளர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். பெயரையும் நிறத்தையும் மாற்றி, சில நாட்களில் புதிய திட்டமாகத் தருவார்கள். ‘கத்தி செய்பவர் கொலைக்குப் பொறுப்பா?’ என்று இவர்கள் கேட்பார்கள். பல நல்ல வேலைகளுக்கும் பயன்படும் பொதுக் கருவியை எழுதியவரைப் பற்றி அந்தக் கேள்வி கேட்கப்பட்டால் நானும் யோசிப்பேன். பரிமாற்றத் தடத்தை மறைக்கும் டொர்னாடோ கேஷை எழுதியவர்களில் ஒருவருக்கு 2024-இல் நெதர்லாந்தில் ஐந்தாண்டுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டபோது, நிரல் எழுதுவதே குற்றமா என்று உலகம் முழுவதும் எழுந்த வாதம் வெறும் வாதமல்ல. அதில் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது.

பிரமிடு கான்ட்ராக்டுக்கு அந்தச் சந்தேகத்தின் பலன் கிடையாது. அந்த நிரலை எழுதுபவர் ஒன்றை மட்டும் பார்த்தால் போதும்: உறுப்பினர் அல்லாத ஒரு வாடிக்கையாளர் பொருள் வாங்கிக் கொடுக்கும் பணம் இதற்குள் வர வழி எழுதச் சொல்லியிருக்கிறார்களா? அப்படியொரு வழியே இல்லாமல், பணம் உள்ளே வரும் ஒரே கதவு சேர்க்கைக் கட்டணம் என்றால், வெளியே போகும் ஒவ்வொரு காசும் அடுத்து வருபவரின் காசுதான். இதைக் கண்டுபிடிக்கச் சட்டப் படிப்பு வேண்டாம். கதவுகளை எழுதியவரே அவர்; எத்தனை கதவு என்று அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்த பிள்ளையைச் சிறைக்கு அனுப்பு என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தம் போட்டு, விலை பேசி, விளம்பரம் செய்து விற்கும் நிறுவனத்தின் இயக்குநர்கள் பதில் சொல்ல வேண்டும். அதே நேரத்தில், அந்தப் பிள்ளை தன் குழுத் தலைவரிடம் ‘சார், இதுல பொருள் எங்க இருக்கு?’ என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கும் தைரியத்தையும் கல்லூரியில் பிளாக்செயின் பாடம் நடத்துபவர்கள் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

1978 சட்டத்தின் ஐந்தாவது பிரிவு ‘சீட்டு, கூப்பன் அல்லது வேறு ஆவணம்’ என்று சொல்கிறது. மின்னணுப் பதிவுக்கு 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் எழுத்து வடிவத்துக்கு உள்ள மதிப்பைக் கொடுத்துவிட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, மின்னணுப் பதிவும் ஆவணமே என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பிளாக்செயினில் பதிந்த கான்ட்ராக்டையும் அந்த வார்த்தைக்குள் கொண்டுவர அரசு வழக்கறிஞர்கள் ஒரு வழக்கிலாவது வாதிட்டுப் பார்க்க வேண்டும். நீதிமன்றம் ஏற்கவில்லை என்றால் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தட்டும். திருத்தும்போது இன்னொன்றையும் பார்க்கட்டும்: ஐந்தாவது பிரிவின்படி விதிக்கக்கூடிய உச்ச அபராதம், 1978-இல் எழுதியபடியே, மூவாயிரம் ரூபாய்.